குட்டைவாலுக்குப் போட்ட பச்சை

ஊசியின் நீளம் ஒன்றரை அங்குலம். பெயிண்ட் கம்பின் நீளம் ஆறடி. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடும் குழுவில் மொத்தமே மூன்று பேர். வலையை வீசி நாயை அமுக்க வலைக்காரர். ஊசி போட டாக்டரம்மா. ஊசி போட்ட நாயின் முதுகில் பச்சை பெயிண்டால் ஒரு கோடு இழுக்க அவள். பதினோரு வருஷமாக அதே கம்பு, அதே பெயிண்ட். நகக் கண்ணில் குடியேறிவிட்ட பச்சை எந்த சோப்புக்கும் மசியவில்லை. அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. தெருக்களில் அவள் பச்சக்கா.

டாக்டரம்மா வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. ஊசி உள்ளே இறங்கியதும் அவர் "போட்டாச்சு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அதைக் காதால் கேட்ட பிறகுதான் இவள் "பச்சை" என்று சொல்லிக் கோடு இழுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூறு முறை போட்டாச்சு, நூறு முறை பச்சை. வலைக்காரர் கேலி செய்வார். "ரெண்டு பேரும் தூக்கத்துலகூட இதையேதான் உளறுவீங்க போல."

அந்த வார்டில் பத்து நாள் முகாம். முதல் நாள், மேஜையை விரிப்பதற்குள் ஒரு பெண் வந்து நின்றுவிட்டாள். கழுத்தில் அளவு நாடா. இடுப்பில் குழந்தை மாதிரி ஒரு பழுப்பு நாய். நன்றாக வளர்ந்த நாய். நாலு காலும் அவள் முழங்கால் வரை தொங்கின.

"தையல் கடைங்க. இது மெஷினுக்கு அடியிலதான் படுத்திருக்கும். ஊசின்னா இதுக்குப் பயமில்ல, எனக்குத்தான் பயம்."

"அப்ப உங்களுக்கு முதல்ல ஒண்ணு போட்டுடலாமா?" என்றார் டாக்டரம்மா.

அவள் சிரித்தாள். ஆனால் ஊசி இறங்கி வெளியே வரும்வரை கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டாச்சு."

"பச்சை."

"இனிமே பயமில்லையேக்கா?"

"பச்சை இருந்தா பயமே இல்லை" என்றாள் பச்சக்கா. எல்லாரிடமும் சொல்லும் வசனம்தான். தையல்காரி அதை மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டு போனாள்.

பத்தாவது நாள் மதியம் மெயின் ரோட்டுப் பட்டியலில் எல்லா நாயும் முடிந்து, ஒன்று மட்டும் மிச்சம். குட்டைவால். கறுப்பு நாய், பாதி வால். குளிர்பதனக் கிடங்குக்கு எதிரே மெயின் ரோட்டில்தான் அதன் ராஜ்ஜியம். மூன்று நாளாக வலைக்குத் தண்ணி காட்டியது. கடைசியாக வலைக்காரர் ஒரு பாய்ச்சல் பாய்ந்தார். நாய் நழுவியது, அவருடைய தோள்பட்டைதான் பிசகியது. டாக்டரம்மா அவரை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். போகிற வழியில் போன்.

"எத்தனை பாக்கி?"

"குட்டைவால் ஒண்ணுதான் டாக்டர்."

"அது கிடக்கட்டும். குறிச்சு வை, அடுத்த முகாம்ல பார்த்துக்கலாம். நீ சாமானை எடுத்து வெச்சுட்டுக் கிளம்பு."

கிளம்பியிருக்கலாம். ஆனால் மறுநாள் காலையில் கணக்கெடுப்பு. வேறு ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்து, தெருத்தெருவாகப் பச்சை முதுகு எத்தனை, வெறும் முதுகு எத்தனை என்று எண்ணுவார்கள். நூற்றுக்கு எழுபது பச்சை இருந்தால் அந்த வார்டில் வெறிநோய் பரவ வழியில்லை என்று கணக்கு. போன வருஷம் இதே மெயின் ரோட்டில் வெறும் முதுகோடு நின்ற ஒரு நாயைப் போட்டோ பிடித்துவிட்டார்கள். சுகாதார அதிகாரி அதைக் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினார். "நம்ம பச்சக்காவுக்குக் கண்ணுல கோளாறா?" அறுபது பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒரு வருஷமாக அவள் காதில் இருந்தது.

நின்றிருந்த ஒரு லாரிக்கு அடியில் குட்டைவால் கண்ணை மூடிப் படுத்திருந்தது. வலைக்கு எட்டாது. ஊசிக்கு எட்டாது. ஊசி போடும் உரிமையும் அவளுக்கு இல்லை.

ஆறடிக் கம்புக்கு எட்டியது.

குனிந்து, கையை நீட்டி, ஒரு கோடு. நாய் துள்ளி ஓடியதில் கோடு கொஞ்சம் கோணல். "பச்சை" என்று பழக்க தோஷத்தில் வாய் முணுமுணுத்தது. "போட்டாச்சு" என்று சொல்லத்தான் அங்கே யாருமில்லை.

*

ஒரு மாதம் போயிருக்கும். வியாழக்கிழமை சாயங்காலம். பார்சல் கொடுக்கும் வேலையிலிருந்து வந்த தம்பி, நாற்காலியில் சாய்ந்து காலுறையைக் கழற்றினான். அக்கா தம்பி இரண்டு பேருக்கும் அந்த மாடி அறைதான் வீடு.

"கெண்டைக்கால்ல என்னடா அது?"

"அதுவா? பழைய கதை. ஒரு நாய் ருசி பார்த்துச்சு."

"எப்ப?"

"ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை. கிடங்கு ரோட்டுல பார்சல் கொடுத்துட்டு வண்டியைக் கிளப்பினேன், சத்தமே போடாம வந்து கவ்விடுச்சு."

"ஊசி போட்டியா?"

"எதுக்கு? அது உன் நாய்தான்க்கா."

"என் நாயா?"

"முதுகுல பளிச்சுனு பச்சை. கோணலா ஒரு கோடு. 'எங்க அக்கா கையெழுத்துடா இது'ன்னு பக்கத்துல இருந்தவர்கிட்ட பெருமையாச் சொன்னேன். அவரும், அப்பப் பயமில்ல தம்பின்னு தோளைத் தட்டினார்."

அவள் குனிந்து அவன் காலைப் பிடித்துப் பார்த்தாள். "வால்? வால் எப்படி இருந்துச்சு?"

"பாதிதான் இருந்துச்சு. மீதியை யாராவது அதுகிட்டயிருந்து கடிச்சு எடுத்திருப்பாங்க." அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"எழுந்திரு. செருப்பை மாட்டு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"அக்கா, இப்பத்தான் வந்து உக்காந்தேன். மனுஷனா மெஷினா நான்? பச்சை போட்ட நாய்க்கா. நீதானே ஊரெல்லாம் சொல்ற?"

"அதுக்கு ஊசி போடலடா."

"பச்சை இருந்துச்சுன்னு சொல்றேன்ல?"

"பச்சையை நான் போட்டேன். ஊசியை யாரும் போடல."

முதலில் அவன் சிரிக்கத்தான் செய்தான். அக்கா முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. காலைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். குனிந்து செருப்பை மாட்டினான்.

பெரிய ஆஸ்பத்திரியின் சுவரில் ஒரு போஸ்டர். பளபளப்பான காகிதம். முதுகில் பச்சைக் கோட்டோடு ஒரு நாய் சிரித்துக்கொண்டிருந்தது. 'பச்சை நாய், பத்திரமான நாய். கடித்தாலும் பதற்றம் வேண்டாம்.' சுகாதார அதிகாரியின் யோசனை. மனிதர்களுக்குப் போடும் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பச்சை நாய் கடித்து வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று கண்டுபிடித்து ஒட்டியது. டாக்டரம்மா கூடாது என்று இரண்டு முறை எழுதினார். எழுதியதோடு சரி.

சீட்டு எழுதுகிறவர் தலையைத் தூக்கவில்லை. "நாய்க்கு அடையாளம் உண்டா?"

உண்டு என்று சொன்னால் திருப்பி அனுப்புவார்கள். பச்சை இருந்தும் ஊசி எதற்கு என்று கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும், மானம் போகும், வேலையும் போகும்.

"இல்லை" என்றாள்.

தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"அடையாளம் இல்லாத நாய்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அவர் எழுதினார். அவளுடைய காக்கிக் கோட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட, நீங்களே நாய் டிபார்ட்மெண்ட்டா? அப்பச் சரியாத்தான் சொல்வீங்க. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டாள்.

கையில் ஒரு ஊசி. கடிபட்ட தழும்பைச் சுற்றி இன்னொரு மருந்து. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தவன், படியில் நின்று கேட்டான்.

"வேற யாரையும் கடிச்சிருக்குமா?"

"இல்லடா. உன்னை மட்டும்தான்."

"எப்படித் தெரியும்?"

"தெரியும். விடு."

"டாக்டரம்மாகிட்டச் சொல்லிடு."

"சொல்றேன்."

வெள்ளிக்கிழமை சொல்லத்தான் போனாள். போன நேரத்தில், சிறந்த வார்டு என்று குழுவுக்குக் கேடயம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சுகாதார அதிகாரி மைக்கில், "பச்சக்காவின் கழுகுக் கண்" என்றார். அதே அறுபது பேர் கை தட்டினார்கள். சொல்ல வந்ததை மென்று முழுங்கினாள். சனிக்கிழமை டாக்டரம்மா வெளியூர் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள். ஞாயிறு விடுமுறை. தம்பியைத்தான் காப்பாற்றியாகிவிட்டதே, இனி எதற்குக் கிளறுவது என்று ஒரு குரல் உள்ளே தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தது.

*

திங்கட்கிழமை காலை வலைக்காரர் தோளில் கட்டோடு வந்து சேர்ந்தார். வாய்க்குக் கட்டு இல்லை.

"சேதி தெரியுமா? நம்ம குட்டைவால் போய்ச் சேர்ந்துடுச்சு. குப்பை லாரிக்காரன் சொன்னான். அவன்தான் தூக்கிப் போட்டானாம், மூணு வாரம் இருக்கும். வாயெல்லாம் நுரை. விளக்குக் கம்பத்தைக்கூடக் கடிச்சுதாம். சாகறதுக்கு ரெண்டு மூணு நாள் முந்தி, ஒரு ஞாயித்துக்கிழமை, நாலஞ்சு பேரைப் பதம் பார்த்திருக்கு."

அவள் பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்தாள்.

"இதுல ஒரு தமாஷ் கேளு. முதுகுல பச்சை இருந்துச்சாம். நான் எப்ப அதைப் பிடிச்சேன்? என் தோளை வாங்கினதுதான் மிச்சம். யாரோ நம்மளை..." வலைக்காரரின் பேச்சு மெல்லத் தேய்ந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. "பச்சக்கா?"

"அண்ணே, டாக்டரம்மா உள்ள இருக்காங்களா?"

டாக்டரம்மா மருந்துப் பெட்டியின் குளிர் அளவைக் குறித்துக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். லாரி, கம்பு, கோணல் கோடு, தம்பி, ஆஸ்பத்திரி. டாக்டரம்மா குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வியாழக்கிழமை."

பேனா நின்றது. "இன்னைக்குத் திங்கள்."

அவள் தலை குனிந்தாள். டாக்டரம்மா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "உன்னைத் திட்ட இப்ப நேரமில்ல. முதல்ல ஆளுங்க. வா."

வண்டியில் போகும்போது அவள் மெதுவாகக் கேட்டாள். "அன்னைக்கு எப்படியாவது பிடிச்சு ஊசி போட்டிருந்தா, குட்டைவால் பிழைச்சிருக்குமா டாக்டர்?"

"தெரியாது. கிருமி முன்னாடியே உள்ளே போயிருந்தா ஊசி கேட்டிருக்காது. நீ நாய்க்கு ஊசி போடாதது தப்பே இல்ல, நான்தான் விடச் சொன்னேன். ஊசி போடாத நாய்க்குப் பச்சை போட்டியே, அதுதான். வெறும் முதுகோட விட்டிருந்தா, கடிபட்ட அத்தனை பேரும் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பாங்க. நீ நாய்க்குப் பெயிண்ட் அடிக்கல. அவங்க ஓட வேண்டிய வழியை அடைச்சுட்ட."

கொஞ்ச தூரம் போனதும், "கணக்கெடுப்புல எவ்வளவு வந்துச்சு தெரியுமா?" என்றார். "நூத்துக்கு எழுபத்தி நாலு. அந்த ஒரு நாய் நமக்குத் தேவையே இல்ல."

*

வார்டு மருத்துவ நிலையத்தின் பதிவேட்டில், அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே நாலு பேர். நாலு பேருக்கும் பக்கத்தில், 'பச்சை நாய். திருப்பி அனுப்பப்பட்டது.'

கிடங்கு வாட்ச்மேன் முதலில் சிக்கினார். "மூணு வாரம் கழிச்சு வந்து ஊசின்னா என்னம்மா அர்த்தம்? தூங்கிட்டு இருந்தீங்களா?" என்று கத்தினார், ஆனாலும் வண்டியில் ஏறினார். ஓய்வு பெற்ற வாத்தியார் சட்டையை மாற்றிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகக் கிளம்பினார். கார் கழுவுகிறவரைத்தான் மல்லுக்கட்டி இழுத்து வர வேண்டியிருந்தது. பன்னிரண்டு மணிக்குள் மூன்று பேருக்கும் முதல் ஊசி ஏறிவிட்டது.

நாலாவது வரியில் போன் நம்பர் இல்லை. 'பெண். வயது 36. வலது கை, மூன்று விரல். ஆழமான கடி. தொழில்: தையல்.'

நர்ஸ் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "ஞாபகம் இருக்குங்க. மத்தவங்க எல்லாம் சண்டை போட்டாங்க, அவங்க போடல. சோப்புப் போட்டுக் கழுவிக் கட்டி விட்டேன். நான் சொல்றதுக்கு முந்தி அவங்களே சொல்லிட்டாங்க. பச்சை இருந்தா பயமே இல்லையாமே, முகாம்ல சொன்னாங்களேன்னு."

பச்சக்கா வண்டிக்கு ஓடினாள்.

முகவரியைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய முகாம் பதிவேட்டிலேயே இருந்தது. வரிசை எண் ஒன்று. பழுப்பு நிறம், பெண் நாய், தையல் கடை.

கொளுத்தும் மத்தியானம். சின்னக் கடை. உள்ளே அனல். தலைக்கு மேலே மின்விசிறி இருந்தும் ஓடவில்லை. தையல்காரியின் கணவர் வாசல் பக்கம் உட்கார்ந்து, நெற்றி வியர்வை துணியில் சொட்டிவிடாமல் துடைத்துத் துடைத்து ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். மெஷினுக்கு அடியில் பழுப்பு நாய். அதன் முதுகில் நேரான பச்சைக் கோடு.

பச்சக்காவின் கண் மின்விசிறியை விட்டு நகரவில்லை. "ஏங்க, ஃபேன் ரிப்பேரா?"

"இல்லம்மா. வீட்டுக்காரிக்கு நேத்துலயிருந்து காய்ச்சல். காத்து பட்டாலே தூக்கித் தூக்கிப் போடுது. அதான் நிறுத்திட்டேன்."

டாக்டரம்மாவின் குரல் மாறாமல் இருந்தது. "தண்ணி குடிக்கிறாங்களா?"

"அதான் புரியல. டம்ளரைக் கிட்ட கொண்டு போனாலே தொண்டை இழுத்துக்குது. தாகம் தாகம்கிறா, பார்த்தா தள்ளிவிடறா."

திரைக்குப் பின்னால் கட்டிலில் அவள் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் இன்னும் அந்த அளவு நாடா. ஆறிப்போன மூன்று விரல்களை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு, பச்சக்காவா?" முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, பாதியில் இழுத்துக்கொண்டது. "எங்க நாய்க்கு மறுபடி ஊசியா? விரல்ல என்னமோ எறும்பு ஊர்ற மாதிரியே இருக்குக்கா. ஊசியே பிடிக்க முடியல."

பதினோரு வருஷப் பயிற்சி வகுப்புகளில், இந்த நிலைக்கு என்ன மருந்து என்று பச்சக்கா ஒவ்வொரு வருஷமும் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு வருஷமும் ஒரே பதில்தான். மருந்து இல்லை.

மூன்றாவது நாள் எல்லாம் முடிந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கணவர் பச்சக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இத்தனை பெரிய ஊர்ல நீங்க ரெண்டு பேர்தாம்மா எங்களைத் தேடி வந்தீங்க." அவள் பச்சை படிந்த நகங்களை உள்ளே மடக்கிக்கொண்டாள்.

*

நடந்ததை எல்லாம் நாலு பக்கம் எழுதிக்கொண்டு போய்ச் சுகாதார அதிகாரியின் மேஜையில் வைத்தாள் பச்சக்கா. அவர் கடைசிவரை படித்தார். படித்துவிட்டு, மேஜை இழுப்பறையை மெதுவாகத் திறந்தார்.

"உட்காரு. இந்த ஊர்ல நாற்பதாயிரம் நாய். பச்சை பொய்னு ஒரே ஒரு தடவை நான் வாயைத் திறந்தா, அடுத்த வருஷம் ஒருத்தன் முகாமுக்கு நாயைக் கொண்டு வர மாட்டான். அதுல எத்தனை பேர் சாவான்? நீயே கணக்குப் போட்டுச் சொல்லு."

"அதுக்காகப் பூசி மெழுகிடலாமா சார்?"

"பூசறதைப் பத்தி நீ எனக்குப் பாடம் எடுக்கறியா?" அவர் ஒரு நகலை எடுத்து முன்னால் போட்டார். பெரிய ஆஸ்பத்திரியின் சீட்டு. "குட்டைவால் கடிச்ச கேஸ்தானே இது? உன் தம்பி. அடையாளம் இல்லாத நாய்னு எழுதியிருக்கு. சொன்னது டிபார்ட்மெண்ட் பணியாளர். கீழ இருக்கறது யார் கையெழுத்து?"

அவள் கண் தன் கையெழுத்தில் நின்றது.

"முடிஞ்சுது. அடையாளம் இல்லாத தெருநாய். ரிப்போர்ட் அப்படித்தான் போகும். நீ போய் வேலையைப் பாரு."

நாலு பக்கமும் இழுப்பறைக்குள் போயின. அந்த மனிதர் சொன்னதில் பாதி நிஜம். அதுதான் அவளை உறுத்தியது. போஸ்டரை மட்டும் டாக்டரம்மா விட்டுவைக்கவில்லை. ஆஸ்பத்திரி, மருத்துவ நிலையம் என்று ஒவ்வொரு சுவராகப் போய்த் தன் கையாலேயே கிழித்தார். எந்த நிறத்து நாய் கடித்தாலும் அன்றே கழுவு, அன்றே ஊசி போடு என்று கையால் எழுதி ஒட்டினார்.

தம்பிக்குக் கடைசி ஊசியும் முடிந்த அன்று, அவன் தன் துணிகளைப் பையில் அடுக்கினான். நண்பன் ஒருவனோடு தங்கப் போகிறானாம்.

"உன்னை மட்டும்தான் கடிச்சுதுன்னு சொன்னல்ல?" என்றான் வாசலில். அவ்வளவுதான்.

*

மறுநாள் காலை அவள் தையல் கடைக்குப் போனாள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கணவர் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். மெஷினுக்கு உறை போட்டு மூடியிருந்தது. அதன் அடியில் பழுப்பு நாய், வழக்கமான இடத்தில்.

"வாங்கம்மா, உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. போன வருஷத்துச் சிரிப்பு, கம்பு, கோடு, தம்பி, சீட்டு, கேடயம், இழுப்பறை. அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

துணியை மடித்து ஓரமாக வைத்தார். "உங்க தம்பிக்கு எப்ப ஊசி போட்டீங்க?"

"வியாழக்கிழமை."

"இங்க எப்ப வந்தீங்க?"

"திங்கக்கிழமை."

தலையை ஆட்டினார். விரலை மடக்கி என்னவோ எண்ணினார். "வியாழக்கிழமை அவ நல்லாத்தான் இருந்தா. பன்னண்டு ஸ்கூல் சட்டை தச்சா. நான்தான் காஜா எடுத்தேன்."

"அன்னைக்கே வந்திருந்தாக் காப்பாத்தியிருக்கலாமான்னு டாக்டரம்மாவுக்கே தெரியல. சொல்ல முடியாதுங்கறாங்க."

"சரி."

திட்டுவார், கையை ஓங்குவார் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். அவர் குனிந்து, மெஷினுக்கு அடியிலிருந்து நாயை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். முதுகைத் தடவிப் பார்த்தார்.

"இது?"

"இது நிஜம்ங்க. ஊசி போட்டது. உங்க வீட்டம்மா கண்ணால பார்த்தாங்க. டாக்டரம்மா போட்டாச்சுன்னு சொன்னப்புறம்தான் நான் கோடு போட்டேன்."

"அவ பார்த்தா. நான் பார்க்கலையே."

"சத்தியமா நிஜம்ங்க."

"அந்தக் கறுப்பு நாய் மேல போட்டதும் பார்வைக்கு இதே மாதிரிதானே இருந்திருக்கும்?"

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்தார். நாய்க்கு வலிக்காமல், ஒரு கையால் தோலை நீவிப் பிடித்துக்கொண்டு, பச்சை ஏறிய முடியைக் கொத்துக் கொத்தாக வெட்ட ஆரம்பித்தார். பச்சை முடி தரையில் கிடந்த துணித் துண்டுகளோடு விழுந்தது. நாய் வாலை ஆட்டியது.

"வெட்டாதீங்க. அடுத்த கணக்கெடுப்புல இதை ஊசி போடாத நாய்னு எழுதிடுவாங்க" என்றாள் பச்சக்கா.

"எழுதட்டும்மா" என்றார் அவர், கத்தரியை நிறுத்தாமல். "எழுதறதெல்லாம் எப்படின்னுதான் இப்பச் சொன்னீங்களே."